மடங்காத மூன்று கண்ணிகள்

இந்த வாரம் எபிசோடு ஒரு வாட்ச் செயினைப் பத்தி. வாட்ச்சைப் பத்திகூட இல்லைங்க, அதோட செயினைப் பத்தி மட்டும். இதுல என்ன வரலாறு இருக்குன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க அம்மா போன மாசம் ரிட்டயர் ஆனாங்க. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் மெப்ஸ் இருக்கிறதில்லையா, ஏற்றுமதிக்கென்றே 1984-ல் ஆரம்பித்த அந்தத் தொழிற்பேட்டை, அதற்குள்ளே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 27 வருஷம் வேலை. சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் வேலை. அந்த லைனில் உட்காருகிறவர்கள் கையில் மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கூடாது. அதற்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டுவார்கள். பட்டையிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி மேஜைக்குப் போகும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டில் பாய்ந்தால் சிப் செத்துப்போகும்; அது அந்த ஒயர் வழியாக பூமிக்குப் போய்விட வேண்டும். டீ குடிக்க எழுந்தால் பட்டையைக் கழட்டணும், திரும்பி வந்ததும் மாட்டணும். மணி பார்க்கணும்னா சுவத்துல கடிகாரம்.

27 வருஷமா அம்மா கையில வாட்ச் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டுறதுக்கு எதுக்கு ஒண்ணுன்னு வாங்கவே இல்ல. அதனால ரிட்டயர்மென்ட்டுக்கு நான் ஒரு செயின் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடைன்னு சொல்லப்போறதில்ல, அது இங்க முக்கியமில்ல. அம்மாவுக்கு மணிக்கட்டு ஒல்லி. கடையிலேயே நாலு லிங்க் எடுத்துக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தா, செயின் கையில படியல. மூணு இடத்துல மடங்க மாட்டேங்குது. டயலுக்குக் கீழே ரெண்டு லிங்க், லாக்குக்குப் பக்கத்துல ஒண்ணு. அந்த இடங்களில் செயின் கம்பி மாதிரி விறைச்சு நிற்குது. கையை அசைச்சா ஓரம் குத்துது.

நான் உடனே போனை எடுத்தேன். ஏழு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு பில்லுல போட்டிருந்துச்சு. அம்மா விடல. வாட்ச்சைக் கழட்டி, செயினை ஆட்காட்டி விரல்ல தொங்கப் போட்டாங்க. மத்த இடமெல்லாம் தண்ணி மாதிரி வழிஞ்சு விழுந்துச்சு. அந்த மூணு இடம் மட்டும் அப்படியே நின்னுச்சு.

"இது உடைஞ்சது இல்லடா. டைட்டா இருக்கு. உள்ள ஏதோ இருக்கு. மொதல்ல என்னன்னு பாரு, அப்புறம் திருப்பிக் கொடு."

லைன்ல உட்கார்ந்தவங்க பேச்சு அது. சரி, என்னன்னு பார்ப்போம்னு ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோடு.

நம்ம ஊர்ல வாட்ச் ரெண்டே ஜாதிதான்: வார் வாட்ச், செயின் வாட்ச். ஆங்கிலத்தில் இதை பிரேஸ்லெட் என்பார்கள், அதாவது கைவளை. நாம் செயின் என்கிறோம். யோசிச்சுப் பார்த்தா நம்ம சொல்தான் வரலாற்றுக்குப் பக்கத்துல இருக்கு. முதல் உலகப் போருக்கு முன்பு வரை ஆண்களுக்கு வாட்ச் என்றால் சட்டைப்பையில் சங்கிலி போட்டுத் தொங்கும் வாட்ச்தான். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று நினைத்த காலம். பதுங்குகுழியில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு பையிலிருந்து வாட்ச்சை எடுக்க முடியாது என்பதால்தான் 1914-18 போரில் சிப்பாய்கள் பரவலாகக் கையில் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. பைவாட்ச்சுக்கும் கழுத்துக்கும் சங்கிலி செய்துகொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லக் கைவாட்ச்சுக்குச் செய்ய வந்தார்கள். ஜெனீவாவில் கே ஃப்ரெர் என்றொரு பழைய சங்கிலிப் பட்டறை. பெரிய பெரிய வாட்ச் கம்பெனிகளுக்கெல்லாம் அவர்கள்தான் செயின் செய்து கொடுத்தார்கள். 1998-ல் ரோலெக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. நகைப் பட்டறையில் பிறந்த பொருள் அது. அதனால சங்கிலிக்கு நம்ம ஆசாரிங்க சொல்ற வார்த்தையையே நானும் எடுத்துக்கறேன். லிங்க்னா கண்ணி. மூணு கண்ணி மடங்கல.

சரி, செயின் எதுக்கு? தோல் வாரே போதாதா? மே மாசம் நம்ம மின்சார ரயிலில் ஒரு தரம் ஏறி இறங்கினவங்க இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க. நம்ம ஊரு வேர்வையில் தோல் வார் ஊறும், நாறும், ஓட்டை கிழியும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தோலை ஈரத்தில் அழுகாமல் வைப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஊரே நம்ம பக்கம்தான் இருக்கு. ஊர்ப் பேரே அதுதான்: குரோம்பேட்டை. மெட்ராஸில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் குரோமிய உப்பைப் போட்டுத் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். அதுவரை இங்கே ஆவாரம்பட்டையைப் போட்டுத்தான் பதனிடுவார்கள். சாட்டர்டன் எதற்காகச் செய்தார் தெரியுமா? கவலைக்காக. மனசுல இருக்கிற கவலை இல்லைங்க. மாட்டைக் கட்டி கிணத்துலேர்ந்து தண்ணி இறைக்கிற கவலை. அந்தத் தோல் சால் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து சீக்கிரம் அழுகும். குரோம் தோல் ஈரத்தைத் தாங்கும். பிறகு ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியை நடத்தினார். அந்தத் தொழிற்சாலையின் பெயர்தான் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. இன்னைக்கு ஸ்டேஷன் போர்டுல அந்தப் பேரைப் பார்க்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு அது ஒரு உலோகத்தின் பேருன்னு தெரியும்?

அதே உலோகம்தான் அம்மா கை செயினிலும் இருக்கு. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணமே குரோமியம்தான். வாட்ச்சுக்கு அதிகமாகப் பயன்படும் 316 ரக எஃகில் 16-லிருந்து 18 சதவீதம் வரை குரோமியம். காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிக் காக்கிறது. வேர்வை, உப்புக்காத்து, ரெண்டையும் தாங்கும்.

ஆனால் சாதாரண ஆட்களுக்கு செயின் வாட்ச் ரொம்ப நாள் எட்டாத பொருள். 1961-ல் பெங்களூரில் எச்எம்டி, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. தாத்தாக்கள் கையில் இருந்த ஜனதா அங்கிருந்து வந்ததுதான்; பெரும்பாலும் தோல் வார். வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்கு அரசு கடிவாளம் போட்டிருந்த காலம். பளபளன்னு செயின் போட்ட சீக்கோ வேணும்னா ஒண்ணு கல்ஃப்ல மாமா இருக்கணும், இல்லைன்னா பர்மா பஜாருக்குப் போகணும். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1960-களின் கடைசியில் உருவான கடைத்தெரு அது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே. 1931-லிருந்து ஓடுகிற நம்ம தாம்பரம்-பீச் மின்சார ரயிலின் ஒரு முனையில் ஆபீஸ் போகிறவன், இன்னொரு முனையில் அவன் ஆசைப்பட்ட வாட்ச்.

அந்தக் காலத்து செயினைக் கட்டினவங்களைக் கேட்டுப் பாருங்க, எல்லாரும் ஒண்ணையே சொல்வாங்க: "கை முடியைப் பிடுங்கும்." ஸ்பிரிங் செயின் ஒண்ணு இருந்துச்சு, இழுத்தா ரப்பர் மாதிரி நீளும், லாக்கே கிடையாது. அமெரிக்காவில் ஸ்பைடல் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ் அந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. மற்ற செயின்களில் தகட்டை மடித்து மடித்துக் கண்ணி செய்வார்கள். உள்ளே கூடு. விலை கூடிய வாட்ச்சுகளிலேயே பல பத்தாண்டுகள் இப்படித்தான். கூடாக இருப்பதால் இடைவெளி அதிகம், ஆட்டம் அதிகம். சலசலக்கும், வருஷம் போகப் போக நீளும், இடுக்கில் முடி மாட்டும்.

இப்போ வர்ற செயின் வேற. கண்ணி முழுக்கக் கெட்டி உலோகம். மெஷின் நுணுக்கமாக வெட்டித் தருகிறது, இரண்டு கண்ணிக்கு நடுவே இடைவெளி தலைமுடி அளவுதான். முடியைப் பிடுங்காது. ஆனால் அந்த இடைவெளியில் கொஞ்சம் பிசிறு நின்றாலோ, பாலிஷ் போடும்போது தேய்க்கிற பசை காய்ந்து போயிருந்தாலோ, கண்ணி அசையாது. தாத்தா செயின் தொளதொளன்னு ஆடினதும் அம்மா செயின் விறைச்சதும் ஒரே இடைவெளியோட கதை. அது அதிகம், இது கம்மி.

அந்த இடைவெளியை யார் சரிபார்ப்பது? இங்கேதான் ஓசூருக்குப் போகணும்.

மெப்ஸ் வந்த அதே 1984-ல்தான் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஒரு வாட்ச் கம்பெனியைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ்லேர்ந்து 'டை', தமிழ்நாட்டுலேர்ந்து 'டன்'. டைட்டன் என்ற பெயருக்குள்ளே நம்ம மாநிலம் பாதி இருக்குங்கிறது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சது. ஜெர்க்சஸ் தேசாய் தலைமையில் ஓசூரில் தொழிற்சாலை. எச்எம்டி சாவி கொடுக்கும் வாட்ச்சில் ராஜாவாக இருந்தபோது இவர்கள் குவார்ட்ஸ் பக்கம் போனார்கள், வாட்ச்சை நகை மாதிரி விற்றார்கள். சுற்று வட்டார மாவட்டங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தார்கள். விளம்பரத்தில் வரும் மொசார்ட்டின் 25-ஆம் சிம்பொனி உங்க அப்பா அம்மாவுக்கு மனப்பாடம். இதெல்லாம் அடிக்கடி சொல்லப்படுகிற கதை. 2016-ல் எச்எம்டியின் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்த கதையும் அப்படியே. எனக்கு வேண்டியது அதுக்குப் பக்கத்துல நடந்த சின்ன கதை.

ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். வறண்ட பூமி. தமிழ்நாட்டில் பெண்கள் சுயஉதவிக் குழுக்களை அரசு 1989-ல் ஆரம்பித்ததும் அதே தர்மபுரியில்தான். இன்று ஊர் ஊராக இருக்கிற மகளிர் குழுக்களுக்கு மூல ஊற்று அது. அதில் வேலை செய்த அமைப்புகளில் ஒன்று மைராடா. 1968-ல் திபெத் அகதிகளைக் குடியமர்த்துவதற்காக பெங்களூரில் தொடங்கிய அமைப்பு. 1990-களில் அந்தக் குழுக்களிலிருந்த பெண்களுக்கு டைட்டனின் வேலைகளில் ஒரு பகுதி வந்தது. அதற்காகவே மெடோ என்று ஒரு அமைப்பு, பிறகு அது கம்பெனியாகவும் ஆனது. அங்கே வேலை செய்யும் கிராமத்துப் பெண்களே அதில் பங்குதாரர்கள். என்ன வேலை? வாட்ச் செயினின் கண்ணிகளைக் கோப்பது. பாலிஷ் போடுவது.

அம்மா வாட்ச் அங்கே செய்ததில்லை, அது வேற கம்பெனி, வேற நாடு. ஆனா கண்ணி கோக்கிற வேலை எங்கேயும் ஒண்ணுதான். ஒரு கண்ணி, பக்கத்தில் இன்னொரு கண்ணி, துளையும் துளையும் நேராக வர வேண்டும், பின்னைச் செலுத்தணும், அழுத்தணும், மடக்கிப் பார்க்கணும். ஒரு செயினுக்குச் சில பத்து துண்டுகள். எவ்வளவு மெஷின் வந்தாலும் கடைசியில் இது விரல் சொல்லணும், சரியா இருக்கா இல்லையான்னு. வாட்ச்சுக்குள்ளே இருக்கிற இயந்திரத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். கண்ணி கோத்த விரல்களைப் பற்றி வாட்ச் ரசிகர்கள் பேசி நான் கேட்டதே இல்லை. அவங்க பேசறதெல்லாம் மாணிக்கக்கல்லுல ஓடுற சக்கரம்தான். எனக்கு அதுல கொஞ்சம் கோவம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இதை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவங்களுக்கு பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா?" எனக்குத் தெரியல. "அதைக் கேக்காம என்ன வரலாறு படிச்சே?"ன்னாங்க. பதில் இல்ல.

சரி, கண்ணிக்கு வருவோம். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வச்சு ஒரு அண்ணன் உட்கார்ந்திருப்பார். பேர் சொன்னா அவருக்குப் பிடிக்காது. அம்மாவும் நானும் போனோம். கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு செயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசுதானே? டயலுக்குக் கீழ ரெண்டும் அழுக்கு. லாக்கு கிட்ட இருக்கறது அழுக்கு இல்ல."

புது வாட்ச்சில் அழுக்கு என்றதும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துச்சு. அவர் ஊசி முனையால இடுக்குல சுரண்டி எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்துல மெழுகு மாதிரி ஒரு பொடி. பாலிஷ் பசை. தொழிற்சாலையில கழுவும்போது இந்த ரெண்டு கண்ணியில மட்டும் தங்கிடுச்சு.

மூணாவது கண்ணி வேற கேஸு. நான் வாங்கின கடையில நாலு கண்ணி எடுத்தாங்கன்னு சொன்னேன் இல்லையா, அதுக்குப் பக்கத்துக் கண்ணி இது. செயினோட உள்பக்கம் குட்டி அம்புக்குறி போட்டிருக்கும், நம்ம யாரும் கவனிக்கிறதில்ல. பின்னை அந்த அம்பு காட்டுற திசையில தள்ளித்தான் வெளியே எடுக்கணும். மாட்டும்போது எதிர்ப்பக்கமாக மாட்டணும். அவசரத்துல எதையோ மாத்தி அடிச்சிருக்காங்க. அண்ணன் பின்னைக் கழட்டி, பெட்டியோட கண்ணாடி மேல உருட்டினார். நேரா இருந்தா வழுக்கிட்டு ஓடும். இது தள்ளாடித் தள்ளாடி நின்னுச்சு. வளைஞ்ச பின். வேற பின் போட்டார்.

அழுக்கு ரெண்டுக்கும் அவர் காசு வாங்கல. "வீட்லயே பண்ணிக்கோங்க, இதுக்கு எதுக்கு நான்?" எப்படின்னு அவர் சொன்னதை அப்படியே சொல்றேன், உங்க வீட்லயும் தேவைப்படும்.

முடிஞ்சா வாட்ச் தலையிலேர்ந்து செயினைக் கழட்டிக்கோங்க. தெரியலைன்னா தலையைத் தண்ணிக்கு வெளியே பிடிச்சுக்கோங்க. வாட்டர் ரெசிஸ்டன்ட்னு எழுதியிருக்கிறதை நம்பி வெந்நீர்ல முக்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு. பதினஞ்சு நிமிஷம் ஊறட்டும். அப்புறம் மெத்தென்ற பழைய டூத் பிரஷ்ஷால இடுக்குல தேய்ங்க. தேய்க்கும்போதே கண்ணியை மடக்கி நீட்டணும், அதுதான் முக்கியம். அப்போதான் உள்ளே இருக்கிறது வெளியே வரும். நல்ல தண்ணியில அலசி, துணியில ஒத்தி, ராத்திரி முழுக்கக் காத்துல காய விடுங்க. காலையில உட்கார்ந்து அந்தக் கண்ணியை மட்டும் ஒரு நாப்பது அம்பது தரம் மடக்கி நீட்டுங்க. இன்னும் பிடிச்சா, தையல் மிஷினுக்குப் போடுற எண்ணெய் ஊசி முனையில ஒரு துளி, பின் இருக்கிற ஓரத்துல. மிச்சத்தைச் சுத்தமாத் துடைச்சிடணும், இல்லைன்னா தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். தேங்காய் எண்ணெய் கூடாது, நாளானா பிசுபிசுத்துப் போகும். குறடு போட்டு நெம்பவே கூடாது. இதுக்கும் மசியலைன்னா பின் வளைஞ்சிருக்கு, கடைக்குப் போங்க. புது வாட்ச், கழுவியும் சரியாகலைன்னா, கண்ணியை எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே திருப்பிக் கொடுத்துடறது நல்லது. நான் அந்த வரிசையை மாத்திப் பண்ணினவன்.

கழுவுற வேலையை என்கிட்ட கொடுக்கல அம்மா. டப்பாவுல தண்ணி வச்சு, கண்ணாடியை மூக்குல இறக்கி விட்டுக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல உட்கார்ந்தாங்க. கண்ணி கண்ணியா மடக்கி, அடுத்தது, அடுத்தது. நான் பேசினது காதுல விழல. லைன்ல உட்கார்ந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு தோணுச்சு. அந்தக் கம்பெனிக்குள்ள எங்களை விட்டதில்ல, நான் பார்த்ததே இல்ல.

ஒரு கண்ணி முழுசா சரியாயிடுச்சு. இன்னொண்ணு இன்னும் லேசாப் பிடிக்குது. டிவி பார்க்கும்போது அதை விரலால மடக்கி மடக்கி விடுறாங்க. வாட்ச்சைக் கட்டினதும் ரெண்டு நாள், எழுந்திருக்கும்போதெல்லாம் இடது கை தன்னால மணிக்கட்டுக்கிட்ட வந்து எதையோ கழட்டப் பார்க்குது. "ஒயரு இல்லம்மா"ன்னேன். "தெரியும் போடா"ன்னாங்க.

மெடோவுல பீஸ் ரேட்டா சம்பளமான்னு உங்கள்ல யாருக்காவது, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. அம்மா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.